துரையின் ரிவால்வரும் ஒரிஜினல் நானாவும்

மலாயாவில் கோலசிலாங்கூரிலிருந்து சபாக் வரைக்கும், போலிப் பொருள் வைத்திருந்த அத்தனை பேரும் ஒரே ஓர் ஆளுக்குத்தான் பயந்தார்கள். அவர்தான் ஒரிஜினல் நானா. பழைய கடிகாரம், தையல் மிஷின், சைக்கிள் வாங்கி விற்கும் கடை வைத்திருந்தார். அவருடைய சொந்தப் பெயரை யாரும் கேட்டதில்லை. கேட்கப்போனால் நம் கைக்கடிகாரத்தைப் பார்த்து, "முள்ளு மாத்துன மாதிரி இருக்கே" என்பார்.

எந்தப் பொருளுக்கும் அவரிடம் இரண்டே தீர்ப்பு: ஒரிஜினல், அல்லது மாத்து. மூன்றாவதாக நாகரிகம் என்று ஒன்று இருப்பது அவருக்குத் தெரியாது. அசாம் ஜாவா ஊரில் ஒரு கல்யாணத்தில், பிரியாணியை மென்றுகொண்டே மாப்பிள்ளையின் தலையை உற்றுப் பார்த்தார்.

"ஓரத்துல ஒரு கறுப்பு, நடுவுல ஒரு கறுப்பு. இது மறு சாயம்லா!"

பெண்ணின் மாமன்மார் எழுந்து நின்றார்கள். நின்றுகொண்டிருந்த மாப்பிள்ளை உட்கார்ந்துவிட்டார்.

இப்படிப்பட்டவரிடம், வெள்ளைக்காரன் அவசரகாலம் போட்டிருந்தபோது நான் கெஞ்சிக்கொண்டு போக நேர்ந்தது. என் அண்ணன் எங்கள் தோட்டத்துத் துரைக்கு டிரைவர். துரையின் பழைய ரிவால்வரைத் துடைத்து எண்ணெய் போடுவதும் அவர் வேலைதான். ஒரு நாள் போலீஸ் ஆயுதச் சோதனைக்கு வந்தது. ரிவால்வரின் உடம்பில் ஒரு நம்பர், குண்டு போடும் சிலிண்டரில் வேறொரு நம்பர். அசல் சிலிண்டரைக் கழற்றிக் காட்டிலிருக்கும் கம்யூனிஸ்ட்காரர்களுக்குக் கொடுத்துவிட்டான் என்று அண்ணனை லாக்கப்பில் போட்டார்கள். தோட்டா கைமாறினாலே தூக்கு என்று பேசிக்கொண்ட காலம் அது. அம்மா சோற்றைத் தொடவில்லை.

நானா கடையில் போய் நின்று, அண்ணன் எவ்வளவு நல்லவர் என்று அழாத குறையாகச் சொன்னேன்.

"தம்பி, ஒங்கண்ணன் நல்லவரா கெட்டவரா எனக்குத் தெரியாது. துப்பாக்கி எந்த ஊரு சரக்கு? அதச் சொல்லுங்க முதல்ல" என்றபடியே கடையைப் பூட்டினார்.

இன்ஸ்பெக்டரின் மேசைக் கடிகாரத்தை ஓட வைத்தவர் நானாதான். அதனால் ஸ்டேஷனுக்குள் விட்டார்கள். துரையும் அங்கே இருந்தார். நானா ரிவால்வரை ஜன்னல் வெயிலில் சாய்த்துப் பிடித்தார். நகத்தால் விளிம்பை வருடினார். முகர்ந்தும் பார்த்தார்.

"இது கம்பெனி சாயம் இல்ல."

"ஏய்! இது என் தாத்தா துப்பாக்கி! எல்லாம் ஒரிஜினல்!" என்று துரை தோட்டத்துத் தமிழில் கத்தினார்.

"தாத்தா ஒரிஜினல்தான் துரை. துப்பாக்கிதான் மாத்து."

இன்ஸ்பெக்டர் அவசரமாகத் தன் கடிகாரத்தில் மணி பார்த்தார்.

துருப்பிடிக்காமலிருக்கத் துப்பாக்கிக்கு ஏற்றும் நீலச் சாயம், துரு தின்ற சிறு குழிகளுக்கு உள்ளேயும் இருந்ததை நானா காட்டினார். "கம்பெனிக்காரன் துருப்பிடிச்ச இரும்புக்கா சாயம் ஏத்துவான்? துரு முந்தி, சாயம் பிந்தி." பொறித்த எழுத்துகளின் விளிம்பு, பாலிஷ் போட்டவனின் முரட்டுக் கையால் மழுங்கியிருந்தது. அதே சாயம்தான் சிலிண்டரிலும். தோலுறை உரசி வெளுத்த தடம்கூட உடம்பிலும் சிலிண்டரிலும் ஒரே மாதிரி இருந்தது.

"சிலிண்டர மாத்துன பொறகுதான் மொத்தமா சாயம் ஏத்திருக்கான். அதுக்கப்புறம் இந்தத் தேய்மானம் வர்றதுக்கு வருசக்கணக்கா உறையில கெடக்கணும். டிரைவர் வந்து எத்தன நாளாச்சு?"

அண்ணன் வேலைக்குச் சேர்ந்து ஒரு தீபாவளிகூடக் கழியவில்லை. இன்ஸ்பெக்டர் துரையைப் பார்த்தார். துரை பூட்ஸைப் பார்த்தார். அப்பா காலத்தில் படகு கவிழ்ந்து துப்பாக்கி ஆற்றுச் சேற்றில் கிடந்ததாகவும், பினாங்கில் ஒரு கடையில் "சும்மா கிளீன்" பண்ணியதாகவும் கடைசியில் முணுமுணுத்தார்.

"சும்மா கிளீனா? ஆளையே மாத்திட்டாங்க துரை!"

மறுநாள் காலையில் அண்ணனை விட்டுவிட்டார்கள். நானாவும் சைக்கிளில் எங்கள் லயத்து வீட்டுக்கு வந்துவிட்டார். எண்ணெய் போட அண்ணன் வீட்டில் வைத்திருந்த ரிவால்வர் உறையையும் ஒரு தடவை பார்த்துவிட வேண்டுமாம். வாசலில் அம்மா நின்றதைக் கண்டதும் அண்ணன் நொண்டாமல் நடக்கப் பார்த்தார்.

"ஒண்ணுமில்லம்மா, யாரும் கை வைக்கல. நல்லா சாப்பாடு போட்டாங்க" என்று சிரித்தார்.

நானா அந்தச் சிரிப்பை உற்றுப் பார்த்தார். வாயும் திறந்துவிட்டது. 'மாத்து' என்று சொல்லிவிடுவாரோ என்று நான் அம்மாவைப் பார்த்தேன்.

"டீ இருந்தா பெரிய தம்பிக்குக் குடுங்கம்மா, களைச்சு வந்திருக்கு" என்றார்.