பன்னிரண்டு டிகிரிக் கரிசனம்

செடிகளுக்காக அதிகாரிகள் தங்கள் உடலைக் குளிரில் வாட்டிக்கொண்ட வரலாறு உலகில் ஒன்றே ஒன்றுதான். அது இந்தத் தாவரவியல் பூங்காவில் நடந்தது.

தென்கடல் கோடியில் இருக்கும் குளிர்த்தீவுகளின் செடிகளுக்கென்று பூங்காவில் ஒரு கண்ணாடி வீடு கட்டியிருந்தார்கள். உள்ளே எந்நேரமும் பன்னிரண்டு டிகிரி. தீவுக் காற்றுக்குப் பதிலாக இரண்டு பெரிய மின்விசிறிகள். பொறுப்பு தோட்டக்காரரிடம். அவர் விதை போட்டு மூன்று வருடம் காத்திருந்த செடி ஒன்று, முறம் அகலத்துக்கு இலை விரித்து, அந்தக் கோடையில் முதல் மொட்டு விட்டது. அதிலிருந்து ஞாயிற்றுக்கிழமையும் அவர் வேலைக்குக் கிளம்பினார்.

"நம்ம பொண்ணு பொறந்தப்பகூட இப்படி ஓடி ஓடிப் பார்க்கலயே நீங்க," என்றாள் மனைவி.

"அவ அழுது கேட்டா. இது வாய் திறந்து கேக்காதே."

அந்த வாரம்தான் இயக்குநர் அறையில் ஏ.சி. பழுதானது. அன்றே அவருக்குத் தீவுச் செடிகள் மீது ஆழ்ந்த அக்கறை பிறந்தது. "நேரடிக் கண்காணிப்பு" என்று உத்தரவு போட்டு, மேசையோடு உள்ளே வந்தார். மறுநாள் துணை இயக்குநர், அதற்கடுத்து கண்காணிப்பாளர், அவருடைய டைப்பிஸ்ட், பிறகு டீ ஃபிளாஸ்க். அலுவலகமே கடமை உணர்வில் நடுங்கியது.

காகிதம் பறந்ததால் மின்விசிறிகளை நிறுத்தினார்கள். கண் கூசியதால் கூரைத் திரையை மூடினார்கள்.

"சார், அந்தத் தீவுல காத்து ஓயவே ஓயாது. காத்தும் வெளிச்சமும் இல்லன்னா செத்துடும் சார்," என்றார் தோட்டக்காரர்.

"நாங்களும் உள்ளதானே இருக்கோம், செத்தா போயிட்டோம்?" என்றார் இயக்குநர், சால்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டே.

இலைகள் மஞ்சளாயின. உடனே அவசரக் கூட்டம். மூன்று மணி நேரம் ஆராய்ந்து காரணத்தைக் கண்டுபிடித்தார்கள்: இட நெருக்கடி.

"அப்ப நாற்காலிய எடுத்துடலாமா சார்?"

"நாற்காலி அரசாங்க சொத்துய்யா. வெயில்ல போட்டா வீணாயிடும். செடி வெளியில வளர்றதுதானே வழக்கம்?"

தீர்மானம் "ஏகமனதாக" நிறைவேறியது. பதினெட்டுத் தொட்டிகளும் வெளித் தாழ்வாரத்துக்கு "இடமாற்றம்" பெற்றன. தோட்டக்காரர் மொட்டுக்குக் குடை பிடித்தார். ஐஸ் வாங்கி வந்து வேரைச் சுற்றி வைத்தார். இரண்டாம் நாள் மதியம் மொட்டு அவர் உள்ளங்கையில் உதிர்ந்தது. வெளியே செடிகள் காய்ந்தன. உள்ளே அதிகாரிகள் குளிர்காய்ந்தார்கள்.

மறுவாரம் கண்ணாடி வீடு பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டது. முன்பே அறிவித்த தேதியை மாற்ற விதிகளில் இடமில்லையாம். சுற்றிக் காட்டும் வேலையும் தோட்டக்காரருக்கே. கண்ணாடிக்கு அப்பால் ஸ்வெட்டரும் குல்லாவுமாகப் பதினோரு பேர். அதில் நால்வர் தூக்கத்தில்.

வரிசையில் நின்ற ஒரு பெண்மணி எட்டிப் பார்த்தார். "இது என்ன வகைங்க?"

தோட்டக்காரர் தொண்டையைச் செருமிக்கொண்டார். "குளிர்ல மட்டும் வளர்ற வகைம்மா. பூக்காது, காய்க்காது. பக்கத்துல வேற எதையும் வளர விடாது."

"அப்ப பிடுங்கிப் போட வேண்டியதுதானே?"

"பிடுங்க முடியாதும்மா. அறுபது வயசானா தானா உதிரும்."