ஊதுபத்தி சார் பார்த்த காற்று

இதை எழுதலாமா வேண்டாமா என்று பல வருடம் தயங்கிவிட்டேன். எங்கள் தெருவில் அவரைப் பாதி சித்தராகவே ஆக்கிவிட்டார்கள். உண்மையைச் சொன்னால் யார் மனமாவது புண்படுமோ என்று பயம். ஆனாலும் சொல்கிறேன்: செங்கல்பட்டில் ஊதுபத்தி சார் அளவுக்கு ஊதுபத்தி கொளுத்தியவரும் இல்லை, அவரளவுக்குச் சாமி கும்பிடாதவரும் இல்லை.

தொண்ணூறுகளில் எங்கள் மாடியில் குடியிருந்த கல்லூரி வாத்தியார். விடிந்ததும் கட்டு ஊதுபத்தியோடு தெருக்கோடி மலையில் ஏறுவார். 'என்ன பக்தி!' என்று உருகி ஒருநாள் நானும் பின்னாலேயே போனேன். கோயிலைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் தாண்டிப்போய், பாறையிடுக்கில் பத்தியைச் செருகி, மண்டியிட்டுப் புகையையே உற்றுப் பார்த்தார்.

"சாமி எங்க சார்?" என்றேன்.

"காத்தைப் பாக்கறேங்க. வெயில் ஏறினா சரிவு சூடாகி காத்து மேல ஏறும். பொழுது சாஞ்சா சரிவு குளுந்து, காத்து கனத்துப்போய் கீழ வழியும்."

அடிவாரம், நடுமலை, உச்சி என்று மரங்களில் தெர்மாமீட்டர் வேறு கட்டியிருந்தார். நடுமலையில் இருந்ததற்கு யாரோ மஞ்சள் பூசிக் குங்குமமும் வைத்துவிட, அன்று முழுக்கத் துடைத்துக்கொண்டிருந்தார் பாவம்.

தை மாதம் என் பெண்ணுக்குக் கல்யாணம். மலையடிவாரத்தில் பந்தல். சம்பந்தியம்மாளுக்கு மூச்சிரைப்பு. பெரிய பிள்ளையின் கல்யாணத்தில் விறகுப் புகை பட்டு, தாலி கட்டும் நேரத்தில் ஆஸ்பத்திரியில் கிடந்தவர். "புகை மட்டும் வராம பாத்துக்குங்க" என்று அது ஒன்றைத்தான் எங்களிடம் கேட்டிருந்தார்.

கல்யாணத்துக்கு முந்தின நாள்; பிள்ளை வீட்டார் சாயங்காலம் வருவதாக ஏற்பாடு. மாமல்லபுரத்துச் சமையல்காரர் பந்தலுக்கும் மலைக்கும் நடுவில் அடுப்பு போட்டார். மத்தியானம் கடற்காற்றில் புகை ஒழுங்காக மலைப் பக்கம் போயிற்று. அப்போது பார்த்து வந்தார் சார், கையில் பத்தியோடு.

"அடுப்பைப் பந்தலுக்கு அந்தப் பக்கம், கிழக்கே மாத்துங்க. விளக்கு வைக்கிற நேரத்துக்குப் புகை திரும்பிடும்."

"இன்னா சார் பேஜாரு பண்றே? கடக்காத்துலயே பொறந்தவன் நானு. ராவு வரிக்கும் இப்டிதான் அட்ச்சிகினு இருக்கும்!"

"கடல் உங்களுக்குத் தெரியும் அண்ணாத்தே. இந்த மலையோட நான் ரெண்டு வருஷமா குடித்தனம் பண்றேன்."

"அதான் உனுக்கு இன்னும் கல்யாணம் ஆவல!"

என்ன தைரியமோ, மாற்றச் சொல்லிவிட்டேன். மாற்றியதும் அத்தனை புகையும் பந்தலுக்குள் வந்தது. என் மனைவி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "உங்க பொண்ணு வாழணுமா வேணாமா?" என்றாள். முருகா முருகா என்று முணுமுணுத்துக்கொண்டிருந்தேன். சார் பந்தல் வாசலில் பத்தியோடு அசையாமல் நின்றார்.

சூரியன் மலைக்குப் பின்னால் இறங்கியது. பத்திப் புகை நேராக நின்றது. தயங்கியது. பிறகு மெல்லக் கிழக்கே சாய்ந்தது. முதுகில் ஜில்லென்று மலைக்காற்று. பந்தல் கழுவிவிட்டாற்போல் தெளிந்தது. எனக்குப் போன உயிர் வந்தது.

அப்போதுதான் பிள்ளை வீட்டு பஸ் வந்து நின்றது. இறங்கிய சம்பந்தியம்மாள் சார் கையிலிருந்த பத்தியை வரவேற்பு ஆரத்தி என்று நினைத்து, கண்ணில் ஒற்றிக்கொள்ளக் கை நீட்டினார்.

"ஐயோ, கிட்ட வராதீங்கம்மா, புகை!" என்று சார் பின்வாங்கி ஓடி, தண்ணீர் அண்டாவில் முட்டிக்கொண்டார்.

மறுநாள் தாலி கட்டும்போது அந்த அம்மாள் முன்வரிசையில் உட்கார்ந்து அட்சதை போட்டார். சமையல்காரரோ, "மந்திரம் போட்டுக் காத்தத் திருப்பிட்டாருப்பா!" என்று பந்தி பந்தியாகப் பரப்பிவிட்டார். தெரு அதையே பிடித்துக்கொண்டது.

அவர் மாற்றலாகிப் போய் எத்தனையோ வருடம் ஆகிறது. யாரிடமாவது இதைச் சொன்னால் கூட்டாமல் குறைக்காமல் சொல்லுங்கள்: அவர் மந்திரம் போடவில்லை, காற்றைத்தான் பார்த்தார். சாமி கும்பிடமாட்டார். அவருக்கும் சேர்த்து நான்தான் தினமும் ஒரு பத்தி ஏற்றுகிறேன், அதையும் விடாமல் சொல்லுங்கள்.