சின்ன லேப்டாப்புக்கு ஒரு பிராது

விருத்தாசலம்,
வெள்ளிக்கிழமை, மதியச் சாப்பாட்டு நேரம்.

அன்பும் மரியாதையும் கலந்து அக்கா செல்வநாயகி அவர்களுக்குத் தம்பி கொளஞ்சிநாதன் வணங்கி எழுதுவது. இங்கே நான் நலம், என் வீட்டுக்காரி அமிர்தம் நலம், மகள் வெண்பாவும் நலம்தான், ஆனால் ஐந்து நாளாக என்னோடு பேசுவதில்லை. அங்கே தாங்களும், மாமாவும், மாமாவின் முழங்காலும் நலமாக இருக்க வேண்டுகிறேன். கையில் போன் இருக்கும்போது இவன் எதற்குக் கடிதம் எழுதுகிறான் என்று தாங்கள் நினைக்கலாம். நான் போனில் பேசினால் தெருவில் போகிறவர்களும் நின்று பதில் சொல்வார்கள் என்பது தாங்கள் அறிந்ததே. வாட்ஸ்அப்பில் அனுப்பலாம் என்றால், எனக்கு அதில் எழுத்தைத் தட்டிக் கொடுப்பதே என் மகள்தான். யார் மேல் புகாரோ அவளையே கூப்பிட்டு, "இத அத்தைக்கு அடிம்மா" என்று சொல்ல முடியுமா? அதனால் செராமிக் யூனிட்டில் சூளைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து எழுதுகிறேன். தாளில் வெள்ளையாக ஒட்டியிருப்பது களிமண் தூள், திருநீறு என்று நினைத்து நெற்றியில் வைத்துவிட வேண்டாம்.

விஷயம் இதுதான். வெண்பாவுக்குப் பெங்களூரில் ஒரு காலேஜில் இடம் கிடைத்தது தங்களுக்குத் தெரியும். பொருள்களுக்கு வடிவம் போடுகிற படிப்பாம். கப், நாற்காலி, மிக்ஸி எல்லாவற்றுக்கும் யாரோ ஒருவர் உட்கார்ந்து வடிவம் போடுகிறார்கள் என்பது, இத்தனை வருஷமாகக் கப் சுட்டு எடுக்கிற எனக்கே இப்போதுதான் தெரியும். அந்தப் படிப்புக்கு நல்ல பவர் உள்ள லேப்டாப் கட்டாயம் வேண்டும் என்று காலேஜ்காரர்கள் சொல்லிவிட்டார்கள். இங்கே நம்மூர்க் காலேஜிலும் அவளுக்குப் பி.காம். இடம் இருக்கிறது. காலையில் இட்லி சாப்பிட்டுவிட்டுப் போய் சாயங்காலம் வந்து தோசை சாப்பிடலாம். பி.காமுக்குச் சின்ன லேப்டாப்பே தாராளம். ஆக, எங்கள் வீட்டில் சின்னது என்றால் விருத்தாசலம், பெரியது என்றால் பெங்களூர். பணத்தைக் காரணம் காட்டலாம் என்று பார்த்தேன். அமிர்தம் எனக்குத் தெரியாமல் சீட்டுக் கட்டி, அதையும் எடுத்து வைத்திருக்கிறாள். மனுஷன் வாதாடுவதற்கு ஒரு வழியாவது விட்டுவைக்க வேண்டாமா?

போன ஞாயிற்றுக்கிழமை மூன்று பேரும் பஸ் ஸ்டாண்டுப் பக்கம் ஒரு கம்ப்யூட்டர் கடைக்குப் போனோம். கடையில் இருந்த அம்மா சின்னதையும் பெரியதையும் பக்கத்தில் பக்கத்தில் திறந்து வைத்தார். சூளையிலிருந்து வரும் எந்தப் பொருளையும் நான் எப்படிப் பார்ப்பேனோ அப்படியே பார்த்தேன்: விரலை மடக்கி ஒரு தட்டு, காதைக் கிட்டே கொண்டுபோய் ஒரு கேட்பு. நல்ல பீங்கான் 'டிங்' என்னும், விரிசல் விட்டது 'டொக்' என்னும். இரண்டுமே 'டொக்' என்றன. "ரெண்டுலயும் விரிசல் இருக்குதும்மா, வேற பீஸு காட்டுங்க" என்றேன். "அய்யய்யோ தட்டாதீங்க சார், உள்ள எல்லாம் ஒயரு" என்று அந்த அம்மா இரண்டையும் இழுத்து மூடிவிட்டார். வெண்பா கடையின் மேற்கூரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அமிர்தம் எங்களோடு வராதவள் போலப் பக்கத்தில் இருந்த ஹெட்போனை விலை கேட்டாள்.

பிறகு வெண்பா தான் வரைந்த ஒரு கப்பைப் பென் டிரைவிலிருந்து சின்னதில் போட்டுக் காட்டினாள். பாதிக் கப் வந்தது. உள்ளே ஃபேன் எங்கள் சூளை புளோயர் மாதிரி இரைந்தது. கைப்பிடி வரவே இல்லை. "படம் பாக்க, கணக்குப் போட, தூரத்துல இருக்கறவங்ககிட்ட மொகம் பாத்துப் பேச, இதுக்கெல்லாம் இது தாராளம் சார். இந்த வேலைக்கு இதால முடியாது" என்றார் அந்த அம்மா. பெரியதில் போட்டதும் கப் முழுசாக வந்து நின்றது. வெண்பா அதை விரலால் சுற்றிக் காட்டினாள், கவிழ்த்துக் காட்டினாள். எங்கள் யூனிட் கப்பின் கைப்பிடியில் பெரிய கை உள்ளவர்களுக்கு விரல் நுழையாது அல்லவா? அவள் வரைந்த கைப்பிடியில் என் விரலே நுழையும்போல இருந்தது. என் கையைப் பார்த்துத்தான் வரைந்திருக்கிறாள். அது எனக்கு அப்போதே தெரிந்துவிட்டது. இருந்தும் என்ன சொன்னேன் தெரியுமா? "எனக்கு ஒண்ணும் வித்தியாசம் தெரியல. சூளைய மூடிட்டு அது ஆறுற வரைக்கும் நாங்க பொறுமையா காத்துக் கெடக்கறோம். நீ ஒரு கைப்பிடி வர வரைக்கும் காத்திருக்க மாட்டியா?" என்றேன். "அது மெதுவா வரலப்பா, நின்னு போச்சு" என்றாள். அதுதான் கடைசி. அன்றிலிருந்து வாயே திறக்கவில்லை.

வீட்டுக் கோர்ட்டில் தோற்றவனுக்கு வேறு கோர்ட்டா இல்லை? செவ்வாய்க்கிழமை மணவாளநல்லூர் கொளஞ்சியப்பர் கோயிலுக்குப் போனேன். கொளஞ்சியப்பர் முன்னால் பிராதை எழுதி வைத்து, அந்தத் தாளை அங்கே காவல் இருக்கும் முனியப்பர் சந்நிதியில் கட்டிவிட்டால் சாமி விசாரித்துத் தீர்ப்புச் சொல்லும். தாங்கள் சின்ன வயதில் காணாமல் போன கொலுசுக்குக் கட்டியது நினைவிருக்கலாம். நானோ அவர் பெயரையே சுமந்து திரிகிறவன், எனக்கு ஒரு சலுகை இல்லாமலா போகும் என்று நினைத்தேன். பிராது எழுதிக் கொடுக்கிற விருத்தகிரி கண்ணாடியை ஏற்றிக்கொண்டு, "யாரு மேலங்க பிராது?" என்று கேட்டார்.

"எம் பொண்ணு மேலங்க."

"என்னா குத்தம் பண்ணிச்சு?"

"பெரிய லேப்டாப்பு கேக்குது."

பேனாவைக் கீழே வைத்துவிட்டார். "வேலிய நவுத்திட்டான், நகையக் காணோம்னுதான் வருவாங்க. இது புதுசா இருக்குதே. சரி, சாமி இப்ப என்னா பண்ணணும்?"

"சின்னதே போதும்னு அதுக்குத் தோணணும்."

"சின்னத வாங்கிக்கிட்டா உங்களுக்கு என்னாங்க லாபம்?"

"வூட்லயே இருக்கும்" என்றேன்.

அக்கா, சத்தியமாக அது என் வாயிலிருந்து வரும் என்று எனக்கே தெரியாது. அதுவரை நான் லேப்டாப்புக்குத்தான் சண்டை போடுகிறேன் என்று நம்பிக்கொண்டிருந்தேன். விருத்தகிரி அதையும் அப்படியே எழுதிவிட்டார். எனக்குப் பின்னால் நின்ற ஒரு அம்மா 'த்ச்சு' என்றார். கட்டிவிட்டு வந்தேன், ஆனால் வண்டி ஓட்டும்போது கண் சரியாகத் தெரியவில்லை. வெண்பா போய்விட்டால் வீட்டில் யார் இருக்கிறார்கள் சொல்லு. அமிர்தம் டிவியைப் பார்ப்பாள், நான் அமிர்தத்தைப் பார்ப்பேன். சாயங்காலம் கேட் சத்தம் கேட்டால் இப்போது வெண்பா, இனிமேல் பால்காரர். எனக்குப் பயமாக இருக்கிறது அக்கா. இதை அமிர்தத்திடம் சொன்னால் சிரிப்பாள், வெண்பாவிடம் சொன்னால் அழுவாள், அதனால் உன்னிடம் சொல்கிறேன். நீ டெலிபோன் ஆபீசில் இருந்து ரிட்டயர் ஆனவள். உன் குரல் போனில் வந்தால் ராங் நம்பர்காரன்கூட "சரிங்கம்மா" என்கிறான். நீ கூப்பிட்டு, "வெண்பா, சின்னதே போதும்டி" என்று ஒரு வார்த்தை சொல்லிவிடு. சாமி ஒரு பக்கம், நீ ஒரு பக்கம் என்றால் அவள் என்ன செய்வாள்?

மாமாவுக்கு என் வணக்கம். அவர் முழங்காலுக்கு இங்கே ஒரு எண்ணெய் சொல்கிறார்கள், விசாரித்து எழுதுகிறேன். கொளஞ்சியப்பர் உங்கள் எல்லாரையும் காப்பாற்றட்டும், என் பக்கம் கொஞ்சம் கூடுதலாகச் சாயட்டும்.

இப்படிக்கு,
தாங்கள் தூக்கி வளர்த்த தம்பி,
கொளஞ்சிநாதன்.

பி.கு.: கடிதத்தை உடனே தபாலில் போடாதது என் நல்ல காலம். மேலே கேட்டதை எல்லாம் அடித்துவிட்டுப் படிக்கவும். சட்டைப் பையில் இருந்த கோயில் விபூதிப் பொட்டலத்தை அமிர்தம் பார்த்து, என்னைப் பிடித்துக் கேட்டு, பிராதில் எழுதியதை எல்லாம் வெண்பாவிடம் சொல்லிவிட்டாள். ஞாயிறு ராத்திரி சாப்பிடும்போது வெண்பா ஒரு வாரம் கழித்துப் பேசினாள்: "சாமிகிட்டயே கேஸு போட்டப்புறம் நான் என்னாத்தப்பா வாதாடறது? சின்னதே போதும். இங்கயே பி.காம். சேந்துக்கறேன்." கோபமாகச் சொல்லியிருந்தாலும் தாங்கியிருப்பேன். ரசம் ஊற்றிக்கொண்டே, சாதாரணமாகச் சொன்னாள். நான் கேட்டது கிடைத்துவிட்டது, சோற்றை அப்படியே வைத்துவிட்டு எழுந்துவிட்டேன்.

விடிந்ததும் மணவாளநல்லூருக்கு ஓடினேன். விருத்தகிரி பார்த்ததுமே, "நெறவேறிடுச்சா? அப்ப இங்க வழக்கப்படி ராஜினாமானு எழுதிக் குடுத்து பிராத வாபஸ் வாங்கிக்குங்க" என்றார். "நெறவேறினதையே வாபஸ் வாங்கணும்ங்க. அதுக்கு எப்படி எழுதணும்?" என்றேன். "அதுக்கெல்லாம் இங்க வழி இல்லீங்க. வூட்டுக்குப் போயி நீங்களே பொண்ணுகிட்ட பேசுங்க" என்றார்.

எனக்குப் பேச வரவில்லை அக்கா. நேரே கடைக்குப் போய்ப் பெரியதை வாங்கி வந்து அவள் முன்னால் வைத்தேன். அவள் பெட்டியைத் திறக்காமல், "நீங்க தனியா இருந்துக்க மாட்டீங்கப்பா" என்கிறாள். ஆகவே கடிதம் கிடைத்ததும் போன் செய்து, நான் மேலே சொன்னதற்கு நேர் மாறாக, அதே குரலில் சொல்லவும். அப்பா இருந்துக்குவான், நீ கிளம்பு என்று சொல்லவும். அவள் நம்ப மாட்டாள். அந்தச் சின்ன லேப்டாப்பையும் வாங்கிவிட்டேன் என்று சொன்னால் நம்புவாள். அது எனக்கும் அமிர்தத்துக்கும். தூரத்தில் இருக்கிறவர்களிடம் முகம் பார்த்துப் பேச அது தாராளம் என்று அந்தக் கடைக்கார அம்மாதான் சொன்னாரே. தட்டிப் பார்த்துத்தான் வாங்கினேன்.