பச்சைத் துவையல் கேட்டு எழுதியது

அன்புள்ள மைத்துனனுக்கு,

அத்தான் எழுதுவது. நானும் உன் அக்காவும் நலம். மகள் வீட்டில் பேரனோடும் முழங்கால் வலியோடும் நீயும் சௌக்கியமாய் இருப்பாய் என்று நம்புகிறேன்.

விஷயம் இதுதான். கம்பிக்கறிக்கு நீ அரைக்கும் பச்சைத் துவையலின் செய்முறையை உடனே எழுதி அனுப்பு. நீ வர வேண்டாம், துவையல் போதும்.

பணிமனை விட்டதும் சனிக்கிழமைதோறும் தெருமுனை வண்டியில் ஒரே தட்டில் தின்றோமே, வண்டிக்காரர் ஓய்ந்தபின் நம் வீட்டுப் பின்பக்கத்தில் நான் கம்பியைத் திருப்ப, நீ அட்டையால் விசிறப் பதினோரு வருஷம் ஓட்டினோமே, அந்த வாசனை போன சனிக்கிழமை மூக்கில் வந்து உட்கார்ந்துகொண்டது. நாக்கு சொன்னபடி கேட்டால்தானே! கறியைத் தயிரில் ஊறவைத்து, இடையிடையே கொழுப்பு வைத்துக் கம்பியில் குத்தி, கரி மூட்டினேன். திருப்பினால் விசிற முடியவில்லை, விசிறினால் திருப்ப முடியவில்லை, சரி என்று மேசை விசிறியைக் கொண்டுவந்து முழு வேகத்தில் வைத்தேன். அவ்வளவுதான்! பொறி பறந்து பக்கத்து வீட்டு டீச்சரம்மாவின் படுக்கை விரிப்பில் ஏழு ஓட்டை, அவர் "ஐயையோ, நெருப்பு!" என்று அலற, மாடி வீட்டுத் தையல்காரர் ஒரு வாளித் தண்ணீரை என் தலையோடு சேர்த்துக் கவிழ்த்துவிட்டார். உன் அக்கா எட்டிப் பார்த்தாள்.

"ஏங்க, சுடப்போறேன்னு சொல்லிட்டு சூப்புல்ல வெச்சிருக்கீங்க!"

நனைந்ததை மறுபடி சுட்டேன். எலுமிச்சை பிழிந்தேன், வெங்காயம் கடித்தேன், ஒன்றும் சரிப்படவில்லை. "துவையல்தான் குறை" என்றேன். "ஆமாமா, துவையல்தான்" என்று ஒரு மாதிரியாகச் சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள். கடைசித் துண்டு தட்டிலேயே ஆறிக் கிடந்தது. அதை என் பக்கம் தள்ளி, "எனக்கு வயிறு ரொம்பிடுச்சு அத்தான், நீங்க சாப்பிடுங்க" என்று நாற்பது வருஷமாகப் புளுகியவன் நீதானே. அதைத் தின்னாமல் அப்படியே மூடி வைத்துவிட்டேனடா.

ஆகவே துவையல் குறிப்பை மறக்காதே. மகளுக்கும் மருமகனுக்கும் ஆசிகள், பேரனுக்கு முத்தம், உன் முழங்காலை நான் விசாரித்ததாகச் சொல்.

இப்படிக்கு,
உன் அத்தான்

பி.கு.: குறிப்பை அனுப்பித் தொலைக்காதே. ஊருக்குக் கிளம்பும்போது நீ எழுதிக் கொடுத்த தாள் என் மூக்குக்கண்ணாடிக் கூட்டில் பத்திரமாக இருக்கிறது. அன்றைக்கும் அதைப் பார்த்துத்தான் அரைத்தேன், அச்சு அசல் உன் கைருசி. கறியே தொடாத உன் அக்கா இன்னமும் சனிக்கிழமையானால் இரண்டு பேருக்கு வெங்காயம் நறுக்குகிறாள். வந்து விசிறிவிட்டுப் போடா.