மேட்டில் மட்டும் கனக்கும் சைக்கிள்

"மறுபடியும் நின்னுடுச்சு," என்றார் பொறியாளர்.

நிற்பதற்குக் காரணமே இல்லை. அதுதான் அவரைக் குடைந்தது. நேற்று கொட்டும் மழையில் இதைவிடச் செங்குத்தான மேட்டை இதே சைக்கிள் ஆட்டுக்குட்டி மாதிரி ஏறியது. இன்று வெயில். காட்டுக்குள் வளைந்து போகும் சாதுவான ஏற்றம். மூன்றாவது வளைவுக்குள் மூச்சு முட்டி நின்றுவிட்டது.

"எதிர்க்காத்து இல்ல. டயர்ல காத்து சரியா இருக்கு. கியரும் சின்னதுலதான் இருக்கு. அப்புறம் ஏன்?"

"எனக்கு எப்படிங்க தெரியும்?" என்றாள் பின்சீட்டிலிருந்த மனைவி.

அது இரண்டு பேர் மிதிக்கும் சைக்கிள். பார்த்திராதவர்களுக்கு அதைக் கொஞ்சம் சொல்லிவிட வேண்டும். முன்னால் ஒரு சீட்டு, பின்னால் ஒரு சீட்டு. திருப்புவது, பிரேக் பிடிப்பது, கியர் மாற்றுவது எல்லாம் முன்னால் இருப்பவர் வேலை. பின்னால் இருப்பவருக்கும் ஒரு ஹாண்டில்பார் உண்டு, ஆனால் அது திரும்பாது. பிடித்துக்கொள்ள மட்டும்தான். இரண்டு ஜோடி பெடல்களையும் இடப்பக்கம் ஒரு செயின் இணைக்கிறது. அதனால் முன்கால் சுற்றினால் பின்கால் தானாகச் சுற்றும், ஓய்ந்துபோனாலும் விடாது. வலப்பக்கச் செயின் அந்த மொத்தப் பலத்தையும் பின்சக்கரத்துக்குக் கொண்டுபோகும். யார் பலம் எவ்வளவு என்று சக்கரத்துக்குத் தெரியாது. அது சுற்றும், அவ்வளவுதான்.

பொறியாளர் முப்பத்தோரு வருடம் குடிநீர் ஏற்று நிலையத்தில் இருந்தவர். போன மாதம் ஓய்வு பெற்றார். விடைபெறும் விழாவில் அவருடைய ஏற்புரை முடிவதற்குள் வாடகைக்கு விட்டவர்கள் பாதி நாற்காலிகளை வண்டியில் ஏற்றிவிட்டிருந்தார்கள்.

மறுநாள் காலை பத்து மணிக்கு அவர் வீட்டில் இருந்தார். பதினோரு மணிக்கும் இருந்தார். முதல் வாரத்தில், மனைவி இருபது வருடமாக ஓட்டிவரும் துணி துவைக்கும் இயந்திரம் எப்படி ஓடுகிறது என்று அவளுக்குச் சொல்லிக்கொடுத்தார். இரண்டாம் வாரத்தில் சமையலறை டப்பாக்களை எடைவாரியாக அடுக்கினார். மூன்றாம் வாரத்தில் வெளியூரிலிருக்கும் பெண்ணிடமிருந்து போன் வந்தது. "அம்மா, மாடியறை காலியாத்தான் இருக்கு. எப்ப வேணா வா. எத்தனை நாள் வேணா இரு."

மனைவி துணி மடித்துக்கொண்டே, குரலை உயர்த்தாமல் சொன்னாள்: "சைக்கிள்ல எட்டு நாள் மலையெல்லாம் சுத்தலாம்னு கல்யாணம் ஆன நாள்லேருந்து சொல்லிட்டிருக்கீங்க. போலாம். எட்டாவது நாள் சொல்றேன், உங்ககூட வீட்டுக்குத் திரும்பறேனா, பொண்ணு வீட்டுக்குப் போறேனான்னு."

அவள் குரலை உயர்த்தியிருந்தால் அவர் பயந்திருக்கமாட்டார்.

எனவே எட்டு நாளில் ஒரு குறையும் இருக்கக் கூடாது என்று உட்கார்ந்து வழி வரைந்தார். ஆற்றங்கரையோடு கொஞ்சம், காட்டு மேடு ஒன்று, மறுபடி ஒரு பள்ளத்தாக்கு, மறுபடி மேடு. கடைசி மலையைத் தாண்டினால் ரயில் நிலையம். அங்கிருந்து வீடு. எல்லாம் கச்சிதம். சைக்கிள்தான் இப்படிக் கழுத்தறுத்தது.

அவர் நோட்டை எடுத்தார். மேட்டின் சரிவு, காற்று, வெயில், டயர் அழுத்தம், சுமை, சாப்பிட்டது என்று கட்டம் கட்டமாகப் போட்டிருந்தார்.

"நேத்து ஏறுச்சு, இன்னைக்கு ஏறல. நேத்து என்ன வித்தியாசம்? மழை! மழைக்கோட்டத் தலையோட மூக்குவரைக்கும் இறுக்கிக் கட்டிட்டு, கண்ணு மட்டும் தெரிய ஓட்டினேன் இல்லையா? அப்ப செயின் நனைஞ்சிருந்தது. செயின் நனைஞ்சா உராய்வு குறையும். உராய்வுன்னா என்னன்னா..."

"தெரியுங்க."

"முழுசாக் கேளு."

கேட்டாள். அதன்பின் அவர் அரைப் புட்டி எண்ணெயைச் செயினில் ஊற்றினார்.

எண்ணெய் செயினோடு நிற்கவில்லை. சொட்டிச் சொட்டிச் சக்கரத்தின் விளிம்பில் பரவியது. பிரேக் கட்டை பிடிப்பது அந்த விளிம்பைத்தான். இது நான்காம் நாள் காலை, ஆற்றை நோக்கி இறங்கும் சாலையில், பிரேக்கை முழுக்க அழுத்திய பிறகும் வேகம் கூடிக்கொண்டே போனபோது அவருக்குத் தெரியவந்தது.

"பயப்படாதே! பிரேக் வேலை செய்யாததுக்குக் காரணம் என்னன்னா..."

ஆறு வந்துவிட்டது.

முழங்கால் ஆழம்தான். மனைவி முட்டியில் சிராய்ப்போடு எழுந்தாள். இரண்டு பைகளும் தண்ணீரைக் குடித்து இரண்டு மடங்கு கனத்தன. ஈரத்துணியோடு அடுத்த மேட்டை ஏறப் பார்த்தார்கள், பாதியில் நின்றது. ஏன் நின்றது என்று அவர் உச்சிவரை விளக்கிக்கொண்டே தள்ளினார்.

"சுமை! அதான் கோளாறு. உன் பைய அனுப்பிடலாம்."

"உங்க பை?"

"அதுல கருவியெல்லாம் இருக்கு."

ஸ்பானர் மட்டும் ஒன்பது. அடுத்த ஊர்த் தபால் நிலையத்தில் மனைவி தன் ஸ்வெட்டர், இரண்டு புத்தகங்கள், மாற்றுத்துணி எல்லாவற்றையும் ஒரு பெட்டியில் போட்டுக் கட்டினாள். அவர் அங்கிருந்த தராசைப் பற்றி எழுத்தரிடம் பேசிக்கொண்டிருந்ததால், விலாசத்தை அவளே எழுதினாள்.

ஆற்றுத் தண்ணீரில் அவருக்குத் தொண்டை கட்டிக்கொண்டது. ஐந்தாம் நாள் காலை, மேட்டடியில், மனைவி கைப்பையிலிருந்து ஒரு இருமல் மாத்திரையை எடுத்துக்கொடுத்தாள்.

"வாயில போட்டுக்குங்க. கடிச்சுடாதீங்க, மெதுவாக் கரையட்டும்."

அன்று சைக்கிள் பறந்தது. இருபுறமும் மரங்கள் வழுக்கிக்கொண்டு பின்னால் போயின. கீழே பள்ளத்தாக்கில் ஆறு வெள்ளிக் கம்பி மாதிரி கிடந்தது. ஏழு வளைவு ஏறினார்கள். எட்டாவது வளைவில் மாத்திரை கரைந்து முடிந்தது.

"பார்த்தியா? சுமைதான்னு அப்பவே சொன்னேன்," என்று அவர் ஆரம்பித்தார். பின்னாலிருந்து யாரோ கயிறு போட்டு இழுத்த மாதிரி சைக்கிள் கனத்து நின்றது.

அன்று மாலை நோட்டில் நெடுநேரம் எழுதினார். "மாத்திரையில சர்க்கரை இருக்கு. அது தீர்ந்ததும் பலம் தீர்ந்துடுச்சு. ரொம்ப எளிமை!"

ஆறாம் நாள் காலை ஒரு பொட்டலம் குளுக்கோஸைத் தண்ணீரில் கரைத்து ஒரே மூச்சில் குடித்தார். பிறகு நாள் முழுவதும் விடுதிக் கட்டிலில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு கிடந்தார், வாயைத் திறந்தாலே குமட்டியது. மனைவி ஜன்னலோரம் உட்கார்ந்து ஆற்றையும் எதிர்க்கரை மரங்களையும் பார்த்துக்கொண்டிருந்தாள். பகலில் ஒருமுறை, தனக்குத்தானே, ஏதோ பாட்டை முனகினாள்.

"உனக்கும் போரடிச்சிருக்கும் பாவம்," என்றார் அவர், சாயங்காலம் குரல் திரும்பியதும்.

அவள் முனகலை நிறுத்தினாள்.

ஏழாம் நாள் இரண்டு மேடுகள். இரண்டையும் தள்ளிக்கொண்டே ஏறினார்கள்.

எட்டாம் நாள் பகல், கடைசி மலையின் அடிவாரத்தில் ஒரு சைக்கிள் பட்டறை இருந்தது. எதிரே ஒரு பேருந்து நிறுத்தம். பெண்ணின் ஊருக்குப் போகும் பேருந்து அங்கேதான் நின்று போகும். மலைக்கு அந்தப்பக்கம் ரயில், இந்தப்பக்கம் பேருந்து. பொறியாளர் நிறுத்தத்தைப் பார்க்காமல் பட்டறைக்குள் போனார்.

மெக்கானிக் நடுவயதுப் பெண். கையைத் துடைத்துக்கொண்டே அவர் சொன்னதையெல்லாம் கேட்டாள். நோட்டையும் புரட்டிப் பார்த்தாள். சக்கரங்களைத் தூக்கிச் சுற்றிவிட்டாள், அவை சத்தமில்லாமல் நெடுநேரம் சுற்றின.

"அக்கா, பின்னாடி உக்காருங்க. நான் ஓட்டிப் பார்க்கறேன்."

இருவரும் மேட்டில் ஒரு சுற்று போய்வந்தார்கள். நிற்கவுமில்லை, திணறவுமில்லை.

"பழகின கால் வேற," என்றார் பொறியாளர், முகம் சிறுத்து. "மெக்கானிக் காலுக்கும் சாதாரணக் காலுக்கும்..."

"இப்ப நீங்க ஓட்டுங்க சார். நான் பக்கத்துலயே நடந்து வரேன்."

கிளம்பினார்கள். "இடப்பக்கச் செயினப் பாருங்க," என்று அவர் மெக்கானிக்கிடம் சொல்லிக்கொண்டே மிதித்தார். "அது தொய்வா இருந்தா முன்கால் பலம் பின்னால போய்ச் சேராது, ஏன்னா..." இருபது அடியில் வண்டி நின்றது.

மெக்கானிக் கொஞ்சம் யோசித்தாள். "சார், ஒண்ணு பண்ணுங்க. எதிர்ல தெரியற கம்பத்தையே பாருங்க. ஒவ்வொரு மிதியையும் மனசுக்குள்ளயே எண்ணுங்க. நூறு வந்ததும் சொல்லுங்க, அதுக்கு முன்னாடி வேண்டாம்."

அவர் எண்ணினார். வண்டி ஏறியது. நாற்பது, ஐம்பது. கூடவே வேகமாக நடந்துவந்த மெக்கானிக் ஓட ஆரம்பித்தாள். எண்பது. தொண்ணூறு.

"நூறு! பார்த்தீங்களா? எண்ணறதுதான் சூட்சுமம்! எண்ணினா சீரா மிதிக்கறோம், சீரா மிதிச்சா..." வண்டி நின்றது. "பார்த்தீங்களா, எண்ணறத விட்டேன், நின்னுடுச்சு!"

மெக்கானிக் பின்சீட்டைப் பார்த்தாள். மனைவி மெக்கானிக்கைப் பார்த்தாள். பிறகு, எட்டு நாளில் முதல் தடவையாக, மனைவி வாய்விட்டுச் சிரித்தாள். சிரித்து முடித்ததும் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

பட்டறைக்குத் திரும்பியதும் பொறியாளர் உற்சாகத்தோடு பின்பக்கக் குழாயில் கை கழுவப் போனார். எண்ணெய்க் கறை சோப்பில் எப்படிக் கரைகிறது என்பதிலிருந்து தொடங்கி, ஏற்று நிலையத்துப் பம்புகளின் சீரான துடிப்பு வழியாக, எண்ணி மிதிப்பதன் அடிப்படைக்கு வந்துகொண்டிருந்தார்.

"என்னங்க," என்று மனைவி ஜன்னல் வழியே கூப்பிட்டாள். "இன்னைக்கு எட்டாவது நாள்."

"ஆமா, சாயங்காலம் ரயிலப் பிடிச்சிடலாம். இதக் கேளு..."

"நான் கிளம்பறேங்க."

"ஒரு நிமிஷம், முழுசாக் கேட்டுட்டுப் போ."

அவள் ஒரு நிமிடம் நின்றாள். கைக்கடிகாரத்தைப் பார்த்துச் சரியாக ஒரு நிமிடம். அவர் இரண்டாவது பம்புக்கு வந்திருந்தார்.

கையைத் துடைத்துக்கொண்டு அவர் முன்னால் வந்தபோது பேருந்து திரும்பிக்கொண்டிருந்தது. பின்ஜன்னலில் தெரிந்த தலையை அவருக்கு முதலில் அடையாளம் தெரியவில்லை. எட்டு நாளாக அவர் அவளைத் திரும்பிப் பார்க்கவே இல்லை.

"அவ பை... அவளுக்கு மாத்துத்துணிகூட இல்லையே!"

"பெட்டி நாலு நாள் முன்னாடியே பொண்ணு வீட்டுக்குப் போயாச்சாம் சார். சொல்லச் சொன்னாங்க."

பொறியாளர் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்றார். பின்சீட்டு இன்னும் சூடாக இருந்தது.

"இப்பப் போய்... கோளாறுதான் கண்டுபிடிச்சாச்சே," என்றார். "எண்ணிக்கிட்டே மிதிச்சா ஏறுது, நீங்களே பார்த்தீங்க. அவகிட்ட விளக்கிச் சொல்லியிருந்தா..."

மெக்கானிக் நோட்டை மூடி அவர் கையில் கொடுத்தாள்.

"எண்ணறதுல ஒண்ணும் இல்ல சார். நான் வழி முழுக்க அக்காவோட கெண்டைக்காலத்தான் பார்த்துட்டு வந்தேன், நீங்க வாயத் திறந்தா அது தளர்ந்துடுது, மூடினா இறுகுது. வண்டி நல்லாத்தான் இருக்கு, நீங்க வாயத் திறக்காம ஓட்டினா ஏறும்."