மூன்றாம் மாடி ஒன்றியத்திலிருந்து நான் வெளியேறிய விவரம்

ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு வெளியேறுவது என்று பிரிட்டன் ஓட்டுப் போட்ட செய்தி வந்த அந்த வெள்ளிக்கிழமை, காலை பதினொரு மணிக்கு, நானும் வெளியேறுவது என்று முடிவு செய்தேன். அவர்கள் நாற்பத்து மூன்று வருடம் பொறுத்தார்கள். நான் நான்கு வருடம். அவர்கள் பிரிய நினைத்தது இருபத்தேழு நாடுகளை. நான் பிரிய நினைத்தது நான்கு ஃப்ளாட்டுகளை. அளவில்தான் வித்தியாசம். அவமானம் ஒன்றுதான்.

இங்கே வளைகுடாவில், அல் குசைஸில் எங்கள் கட்டடத்தின் மூன்றாம் மாடியில் ஐந்து தமிழ்க் குடும்பங்கள். ஐந்து வீட்டிலும் பெண்கள் வேலைக்குப் போகிறவர்கள். டியூட்டி முடித்து, ஷார்ஜா சாலை நெரிசலில் ஊர்ந்து வந்து, மறுபடி அடுப்பின் முன்னால் நிற்கும் கொடுமைக்கு அவர்களே ஒரு வழி கண்டுபிடித்தார்கள். ஞாயிறு முதல் வியாழன் வரை நாளுக்கு ஒரு வீடு இராச்சாப்பாடு சமைக்கும், ஐந்து வீட்டுக்கும் சேர்த்து. சமைத்த வீடு மற்ற நான்கு கதவுகளிலும் கேரியரை மாட்டிவிட்டுப் போகும். ஒரு நாள் உழைப்பு, நான்கு நாள் விடுதலை. வெள்ளியும் சனியும் விடுமுறை என்பதால் அவரவர் பாடு. ஞாயிறு எங்கள் முறை, அதாவது என் மனைவி ராதாவின் முறை. திங்கள் எதிர்வீட்டு விஜயபாஸ்கர்.

ஆமாம், விஜயபாஸ்கர். அவர் மனைவி இல்லை. அவரே.

திங்கள்கிழமைகளில் அவர் சுண்டைக்காய் வற்றல் போட்டு ஒரு வத்தக்குழம்பு வைப்பார். அதன் முதல் கவளத்தில் ராதா கண்ணை மூடுவாள். பதினாறு வருடத் திருமண வாழ்க்கையில் என் பக்கத்தில் உட்கார்ந்து அவள் கண்ணை மூடியது விமானம் மேலே ஏறும்போது மட்டும்தான். அது பயத்தில். இது வேறு. அந்த ஒரு நிமிடம் அவள் எங்கோ போய்விடுவாள். நான் எதிரே உட்கார்ந்து அப்பளத்தை நொறுக்கிக்கொண்டிருப்பேன். "ஒரு ஆம்பளை கை இப்படி மணக்குமா" என்று கேரியரைப் பார்த்துக் கேட்பாள். என் கையைப் பார்த்துக் கேட்டிருந்தால் ஏதாவது பதில் சொல்லியிருப்பேன்.

அது போகட்டும், குழம்பு. அரசியலாவது எனக்கு மிச்சம் என்று நினைத்திருந்தேன். நான் ஒரு கப்பல் சரக்குக் கம்பெனியில் வேலை பார்க்கிறேன். என் மேனேஜர் வெள்ளைக்காரர். பிரிட்டன் வெளியேறினால் என்ன ஆகும் என்று ஒரு வாரமாக ராதாவுக்கு விளக்கிக்கொண்டிருந்தேன். சந்தைக்கும் சுங்கத்துக்கும் உள்ள உறவைச் சொல்லி முடித்தபோது, தயிர் வாங்கி வந்தேனா என்று கேட்டாள்.

அந்த வெள்ளிக்கிழமை காலை வராந்தாவில் அவள் விஜயபாஸ்கரிடம் கேட்கிறாள், லண்டனில் அப்படி என்னதான் ஆச்சு என்று. அவர் கையில் கழுவிய கேரியர். நடு அடுக்கை மட்டும் உருவிக் காட்டினார். எடுத்தது தனியாக உருளும், மிச்சம் இருப்பது கொஞ்ச நாள் ஆடும், கம்பி எல்லாவற்றுக்கும் ஒன்றுதான் என்றார். அவ்வளவுதான் விளக்கம்.

"எவ்வளவு அழகா சொல்றார் பாருங்க" என்றாள் ராதா என்னிடம்.

நான் பார்த்தேன். பதினொரு மணி.

கூடத்துக்கு வந்து டி.வி.யை நிறுத்தினேன். ராதாவையும் எங்கள் பெண் சம்யுக்தாவையும் உட்காரவைத்து ஒரு சொற்பொழிவு ஆற்றினேன். எத்தனை நாள் அடுத்த வீட்டு உப்பைத் தின்பது? நம் நாக்குக்கு என்ன வேண்டும் என்று எதிர்வீட்டுக்காரன் முடிவு செய்வதா? நம் அடுப்பு, நம் உப்பு, நம் முடிவு. ஓட்டெடுப்பு நடக்கும். மக்கள் தீர்ப்பு எதுவோ அதற்கு மறுபேச்சுக் கிடையாது.

ராதா சண்டைக்கு வருவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் நாள்காட்டித் தாளை மூன்றாகக் கிழித்து ஆளுக்கு ஒன்று கொடுத்தாள்.

எனக்குப் பயம் இல்லை. பதிமூன்று வயது சம்யுக்தாவை முன்பே பால்கனிக்கு அழைத்துப்போய், ரோலர் ஸ்கேட் வாங்கித் தருவதாகச் சொல்லியிருந்தேன். அவள் "டீல்" என்று கை குலுக்கியிருந்தாள். சீட்டுகளை மடித்துக் கேரியர் அடுக்கில் போட்டோம். எண்ணுவதை ராதாவிடமே விட்டேன். ஜெயிக்கப்போகிறவனுக்கு வரும் பெருந்தன்மை அது.

"வெளியே. இருக்கலாம். வெளியே" என்று படித்தாள். சீட்டுகளை எடுத்துக்கொண்டு சமையலறைக்குள் போனாள். முகத்தில் ஒன்றும் இல்லை. தோற்றவர்களின் முகம் அப்படித்தான் இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். கொஞ்சம் பாவமாகக்கூட இருந்தது.

மூன்றாம் மாடியின் வாட்ஸ்அப் குழுவிலிருந்து விலகினேன். 'பத்மநாபன் வெளியேறினார்' என்று அதுவே எல்லோருக்கும் அறிவித்தது. அந்த வரியில் ஒரு கம்பீரம் இருந்தது.

மத்தியானத்துக்குள் பிரிட்டிஷ் பிரதமர் ராஜினாமாவை அறிவித்தார். ராதா என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டுக் கேட்டாள்.

"இனிமே என்ன திட்டம்?"

"பார்த்துக்கலாம்."

"அவங்களும் அதைத்தான் சொல்றாங்களாம்."

திட்டம் அவளிடம் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை காலை செருப்பு மாட்டிக்கொண்டே சொன்னாள். ரமலான் மாதம் என்பதால் என் ஆபீஸ் மூன்று மணிக்கு விட்டுவிடும். அவள் வேலை பார்க்கும் பல் கிளினிக் ஐந்தரைக்குத்தான் விடும். வெளியேறணும் என்று நின்றது யார்? நம் அடுப்பு என்றது யார்? பருப்பு அலமாரியின் இரண்டாவது தட்டில் இருக்கிறது.

அன்று நான் வைத்த சாம்பாரைப் பற்றி அதிகம் சொல்ல விரும்பவில்லை. பருப்பு கடைசிவரை தன் சுதந்திரத்தைக் காப்பாற்றிக்கொண்டது. சாதம் ஒன்றுபட்டுவிட்டது, பிரிக்க முடியாத அளவுக்கு. ராதா ஒரு வாய் சாப்பிட்டுத் தண்ணீர் குடித்தாள்.

"முதல் நாள் பவுண்டும் இப்படித்தான் விழுந்துச்சாம். போகப் போகச் சரியாகும்" என்றாள்.

திங்கள்கிழமை வந்தது. சாயங்காலம் ஐந்து மணிக்கே எதிர்வீட்டிலிருந்து நல்லெண்ணெய் காயும் வாசனை புறப்பட்டது. கதவை மூடினேன். கதவுக்கு அடியில் துண்டைச் செருகினேன். வாசனைக்கு விசா தேவையில்லை. உப்புமாவைக் கிளறிக்கொண்டே மூச்சை அடக்கிப் பார்த்தேன். முடியவில்லை.

ஆறரைக்கு மணி அடித்தது. வாசலில் யாரும் இல்லை. கைப்பிடியில் ஒரே ஒரு சின்ன டப்பா. மேலே சீட்டு: 'ராதா மேடத்துக்கு மட்டும்.'

அந்த 'மட்டும்' என்ற சொல்லை நான் பலமுறை படித்தேன்.

"என்ன அர்த்தம் இதுக்கு?" என்று கேட்டேன்.

"ஸ்காட்லாந்து மாதிரின்னு நினைச்சிருப்பார். அது உள்ளேயே இருக்கணும்னுதானே ஓட்டுப் போட்டுச்சு" என்றாள் ராதா. டப்பாவைத் திறந்தாள். கண்ணை மூடினாள். பிறகு ஒரு கண்ணை மட்டும் திறந்து சம்யுக்தாவைக் கூப்பிட்டுத் தட்டில் பாதி ஊற்றினாள். என் கட்சிக்காரி ஒரு நொடியும் யோசிக்கவில்லை. நான் உப்புமாவைச் சாப்பிட்டேன். அடிப்பிடித்த பக்கத்தை எனக்கே வைத்துக்கொண்டேன். தனிமையில் சாப்பிடும் உப்புமாவுக்கு மணல் காற்றின் ருசி.

மறுநாள் ஆபீஸில் மேனேஜர் கண்ணாடி வழியே கடலைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவரும் வெளியேறத்தான் தபாலில் ஓட்டுப் போட்டாராம். கென்ட்டில் இருக்கும் மனைவி மாற்றிப் போட்டிருக்கிறாள். நான்கு நாளாக அவர் போனை அவள் எடுக்கவில்லை. அவருடைய கட்சித் தலைவர்கள் யாரிடமும் அடுத்து என்ன என்பதற்குப் பதில் இல்லை என்று வருத்தப்பட்டார். உன் வீட்டில் எப்படி என்று கேட்டார். பருப்பு வேகவில்லை என்றேன். அவருக்குப் புரிந்த மாதிரிதான் இருந்தது.

அன்று சாயங்காலம் நோன்பு திறக்கும் நேரத்துக்கு, கோடி வீட்டு ஷஹீரா எல்லாக் கதவுக்கும் நோன்புக் கஞ்சி கொண்டுபோனாள். எங்கள் கதவருகில் அவள் கால் தயங்கியது. பிறகு நடந்தது. அவள் மேல் தப்பில்லை. அவளுக்கு என் கொள்கை மேல் மரியாதை.

புதன்கிழமை என் தோசை கல்லோடு ஒன்றியம் அமைத்துக்கொண்டது. லண்டனில் மறு ஓட்டெடுப்புக் கேட்டு லட்சக்கணக்கில் கையெழுத்துப் போடுகிறார்கள் என்று செய்தியில் சொன்னார்கள். ராதா சத்தத்தைக் கொஞ்சம் கூட்டினாள். நான் கல்லைச் சுரண்டினேன். சாப்பாடு போனால் போகிறது. மறுபடி திங்கள்கிழமை வரும், மறுபடி அந்த டப்பா வரும், 'மட்டும்' என்று வரும். அவள் கண் மூடியிருக்கும் அந்த ஒரு நிமிடம் என் வீட்டு மேசையில், எனக்கு எதிரே, எனக்கு இடமில்லாமல் கழியும். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

வியாழக்கிழமை எதிர்வீட்டுக் கதவைத் தட்டினேன்.

விஜயபாஸ்கர் சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். கண் கலங்கியிருந்தது. உட்காரச் சொன்னார். எனக்கும் ஒரு கத்தி கொடுத்தார். நான் வந்த விஷயத்தைச் சொல்வதற்கு முன்பே செல்போனைத் திறந்து காட்டினார். பெண்கள் கூடி நிபந்தனை எழுதிவைத்திருந்தார்கள். வெளியே போனவர் திரும்பி வரலாம். பழைய சலுகை கிடையாது. ஞாயிற்றுக்கிழமைச் சமையலை விண்ணப்பதாரரே செய்ய வேண்டும். பிரதிநிதி அனுப்பக் கூடாது.

"ஐந்து வீட்டுக்கா?" என்றேன்.

"ஐந்து வீட்டுக்கு."

வெங்காயத்தை உரித்தேன். எனக்கும் கண் கலங்கியது.

"உங்களுக்கென்ன சார், கை மணம். பிறக்கும்போதே வந்தது" என்றேன். நான்கு வருடக் காய்ச்சல் அதில் இருந்தது.

அவர் மனைவி இருந்த சமையலறைப் பக்கம் ஒருமுறை பார்த்துக்கொண்டார். குரலைத் தாழ்த்தினார். "கும்பகோணத்துல இருக்கறவரைக்கும் எனக்கு வெந்நீர் வைக்கத் தெரியாது சார். அபுதாபியில ஒரே கட்டடத்துல இருந்தோம், கார்மேகம்னு ஒருத்தர். அவர் வைக்கிற ரசத்தை இவ வாரத்துக்கு ஒரு தடவை புகழ்வா. கண்ணை மூடிக்கிட்டு."

நான் கத்தியை வைத்துவிட்டேன்.

"கண்ணை மூடிக்கிட்டா?"

"மூடிக்கிட்டு. ஒரு மாசம் தாங்கினேன். அப்புறம் புளி கரைக்க ஆரம்பிச்சேன்."

"அந்த டப்பா? ராதாவுக்கு மட்டும்னு எழுதினது?"

"எழுதச் சொன்னது உங்க வீட்ல சார். எனக்கே ஏன்னு தெரியாது. எங்க வீட்ல மண்டையை ஆட்டினா, எழுதிட்டேன்."

இருவரும் மிச்ச வெங்காயத்தை உரித்தோம். நான்கு வருடமாக எந்த மனிதனைப் பார்த்து வயிறு எரிந்தேனோ, அவன் இதே வலையில் எனக்கு முன்னால் பிடிபட்டவன். அவ்வளவுதான்.

நிபந்தனைக்கு ஒப்புக்கொண்டேன். வேறு வழியில்லை. சனிக்கிழமை முழுக்க அவர் எனக்கு வத்தக்குழம்பு சொல்லிக்கொடுத்தார். நல்ல வாத்தியார்.

ஞாயிற்றுக்கிழமை நாலு மணிக்கு அடுப்பைப் பற்றவைத்தேன். ஐந்து வீட்டுக் குழம்பு. எண்ணெய் காய்ந்தது. கடுகு வெடித்தது. வெந்தய டப்பாவைத் திறந்தேன். வெந்தயத்துக்கு மேலே நாள்காட்டித் தாள் மூன்று துண்டு மடித்து வைத்திருந்தது.

ஒன்று என் கையெழுத்து: வெளியே. இன்னொன்று சம்யுக்தாவுடையது. இங்கே பிறந்து வளர்ந்த பெண், தமிழை ஆங்கில எழுத்தில்தான் எழுதுவாள். 'இருக்கலாம்' என்று எழுதி, பக்கத்தில் ஒரு சிரிக்கும் முகமும் போட்டிருந்தாள்.

மூன்றாவது சீட்டில், கல்யாணத்துக்கு முன் எனக்கு வந்த கடிதங்களில் இருக்குமே அதே முத்து முத்தான எழுத்து. வெளியே.

எண்ணெய் புகைந்துவிட்டது. மறுபடி ஊற்ற வேண்டியதாயிற்று.

ஆறேகால் மணிக்கு ராதா வந்தாள். கேரியர்களை எல்லாம் மாட்டிவிட்டு வந்திருந்தேன். அவள் முன்னால் தட்டை வைத்தேன். தட்டுக்குப் பக்கத்தில் அந்தச் சீட்டை வைத்தேன். அவள் சீட்டைப் பார்த்தாள். குழம்பை விட்டுப் பிசைந்தாள். ஒரு கவளம் எடுத்தாள்.

கண்ணை மூடினாள்.

நான் எதிரே உட்கார்ந்திருந்தேன். எவ்வளவு நேரம் என்று தெரியவில்லை. ஏ.சி.யின் சத்தம்கூடக் கேட்கவில்லை. கோபமாக இருக்க வேண்டும் என்பது ஞாபகம் இருந்தது. கோபம்தான் கிடைக்கவில்லை.

அவள் கண்ணைத் திறந்ததும் சுதாரித்துக்கொண்டேன். "நடந்தது மோசடி. மறு ஓட்டெடுப்பு வேணும்."

"மக்கள் தீர்ப்புங்க. மறுபேச்சுக் கிடையாதுன்னு நீங்கதானே சொன்னீங்க" என்றாள். இரண்டாவது கவளத்தை உருட்டிக்கொண்டே, ஏதோ நினைவு வந்தவளாக, ஷஹீரா வீட்டில் குழம்பை உடனே மாற்றிக்கொண்டு தேய்த்துத் திருப்பி அனுப்பிய எங்கள் கேரியரைத் தூக்கி விளக்கு வெளிச்சத்தில் பார்த்தாள்.

"அவங்க வீட்ல பாத்திரம் தேய்க்கறது அவங்க வீட்டுக்காரர் செய்கு முகம்மது அண்ணன்தானாம். என்ன பளபளப்பு பாருங்க. முகமே தெரியுது."

இப்போது எனக்கு எல்லாம் தெரியும். இது எப்படி ஆரம்பிக்கும், எங்கே போய் முடியும் என்று ஒன்று விடாமல் தெரியும். ஒரு மனிதன் எத்தனை முறை ஏமாறுவான்?

எழுந்துபோய், கேரியரில் என் முகத்தைப் பார்த்தேன். பிறகு அவள் சாப்பிட்டு முடிப்பதற்குள் எங்கள் வீட்டுப் பாத்திரங்களைத் தேய்த்தேன், ஒவ்வொன்றிலும் தெரிந்த செய்கு முகம்மதுவின் முகத்தையும் சேர்த்து.