ஐம்பது கிலோமீட்டருக்கு என்ன குடிப்பது

சைக்கிள் பந்தயத்தில் ஓட்டிக்கொண்டே குடிக்க என்ன கலந்து எடுத்துப்போவது என்று முடிவு செய்ய வேண்டும். அவ்வளவுதான் வேலை.

தொண்ணூற்றொன்றில் ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஒரு ஸ்பிரிங் கம்பெனியில் இருந்தேன். ஸ்பிரிங்கைச் சூடேற்றிப் பதமாக்கும் உலையில் வேலை. உலை அணையக் கூடாது. அதனால் ஜூனியர்களுக்கு வருஷம் முழுக்க நைட் ஷிப்ட்.

எனக்குக் கல்யாணமாகி நான்கு மாதம். பிள்ளைப்பாக்கத்தில் வீடு. நான் உள்ளே நுழையும்போது செல்வி வாசல் தெளித்துக்கொண்டிருப்பாள். நான் கிளம்பும்போது விளக்கேற்றிக்கொண்டிருப்பாள்.

"மாப்பிள்ளைய இன்னும் நான் பாக்கவேயில்லியே" என்றாள் பக்கத்து வீட்டு அக்கா ஒருநாள்.

"நானே சரியா பாக்கலக்கா" என்றாள் செல்வி.

இந்த நிலைமையில்தான் புதிதாக வந்த மேனேஜர் நோட்டீஸ் ஒட்டினார். அவர் சைக்கிள் பைத்தியம். ஆயுத பூஜைக்கு முந்தின ஞாயிறு பந்தயம். கம்பெனி கேட்டில் புறப்பட்டு, ஒரகடம் வழியாக மறைமலை நகர் போய்த் திரும்ப வேண்டும். ஏறக்குறைய ஐம்பது கிலோமீட்டர். முதல் பரிசு, ஒரு வருஷம் ஜெனரல் ஷிப்ட்!

காலை எட்டரைக்குப் போய் சாயங்காலம் ஐந்துக்குத் திரும்புவது. மனிதர்கள் வாழ்கிற மாதிரி வாழ்வது.

"நீங்க ஜெயிக்கணும்" என்றாள் செல்வி. அவள் என்னிடம் கேட்ட முதல் பொருள் அதுதான்.

கால் வலுவாக இருந்தது. உலையில் என் பக்கத்தில் நிற்கும் எட்டியப்பன்தான் வேறு விஷயத்தைக் கிளப்பினான்.

"யோவ், காலு ஓட்டாதுய்யா. தண்ணிதான் ஓட்டும். வேர்வைல உப்பு பூட்ச்சின்னா நீ ஒரகடத்துலயே படுத்துக்குவ. வெறுந்தண்ணி வேலைக்காவாது. எதுனா கலக்கணும்."

"என்ன கலக்கறது?"

"அத்த நீதான் பாத்துக்கணும். நான் இன்னா டாக்டரா?"

முதல் ஞாயிறு பயிற்சி. உலைக்காரர்களுக்குக் கம்பெனியில் உப்பு மாத்திரை கொடுப்பார்கள். ஒன்று போட்டால் நல்லது என்றால் நாலு போட்டால் நாலு மடங்கு நல்லதுதானே? நாலைப் பாட்டிலில் போட்டுக் குலுக்கினேன். ஒரகடம் டீக்கடை போவதற்குள் நாக்கு மரக்கட்டை ஆகிவிட்டது. இறங்கி, அங்கே இருந்த மண்பானையைக் காலி செய்தேன்.

"எங்கேர்ந்து வர்ற தம்பி?" என்றார் கடைக்காரர்.

"பிள்ளைப்பாக்கம்."

"அங்கே கிணறு இல்ல?"

இரண்டாவது ஞாயிறு மோர். செல்வி தயிரில் கொஞ்சம் தண்ணீர் விட்டு, உப்பும் இஞ்சியும் போட்டு, பாட்டிலில் அடைத்துக் கேரியரில் கட்டிவிட்டாள். அந்தக் காலத்து ஒரகடம் ரோட்டைப் பற்றித் தெரிந்தவர்களுக்கு மீதியைச் சொல்ல வேண்டாம். பதினைந்து கிலோமீட்டர் குலுங்கியபின் திறந்து வாயில் கவிழ்த்தால் ஒன்றும் வரவில்லை. பாட்டில் கழுத்தில் வெண்ணெய் அடைத்திருந்தது! விரலால் குத்தினேன். வெண்ணெய் உள்ளே போனது. மோர் வெளியே, என் முகத்துக்கு வந்தது.

செல்வி வெண்ணெயை வழித்து உருக்கிவிட்டாள். "அடுத்த வாரம் ரெண்டு பாட்டில் எடுத்துப்போங்க" என்றாள்.

மூன்றாவது, குளுக்கோஸ் மாவு. இனிப்பாக இருந்தது, நன்றாகவே ஓட்டினேன். வழியில் நிழலுக்காக ஒரு புளியமரத்தடியில் சைக்கிளைச் சாய்த்து ஐந்து நிமிஷம் உட்கார்ந்ததுதான் தப்பு. பாட்டில் ஒழுகி சீட்டெல்லாம் வழிந்திருந்ததை நான் பார்க்கவில்லை. எறும்புகள் பார்த்திருந்தன. அன்றைய திரும்பும் பயணம் முழுவதையும் நின்றுகொண்டே ஓட்டினேன்.

"இதுக்குல்லாம் கவர்மென்டே ஒரு பொட்டலம் குட்குது" என்றான் எட்டியப்பன். "பேதிக்குத் தர்றாங்களே, அதுல உப்பு, சக்கரை, எல்லாம் அளவா கீது. டாக்டருங்க உக்காந்து கணக்குப் போட்டது. ஓசி வேற!"

இதை முதலிலேயே சொல்லியிருக்கலாம்.

ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போனேன். நர்சம்மா நோட்டைத் திறந்தார்.

"பேரு?"

"பலராமன்."

"இன்னா செய்து?"

"பேதி."

"எத்தினி தபா?"

இந்தக் கேள்விக்கு நான் தயாராக வரவில்லை. "எட்டு" என்றேன்.

அவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். எட்டு முறை போனவன் சைக்கிளில் மணி அடித்துக்கொண்டு வந்து இறங்கியதை ஜன்னல் வழியாகப் பார்த்திருக்கிறார் போலிருக்கிறது. உடனே வயிற்றைப் பிடித்துக்கொண்டேன்.

"இன்னா சாப்ட்ட?"

வீட்டுச் சாப்பாடு என்றால் செல்விக்குக் கெட்ட பேர். வாயில் வந்ததைச் சொன்னேன்.

"கம்பெனி கேன்டீன் சாம்பார்."

நம்பிவிட்டார்.

இரண்டு பொட்டலம் கிடைத்தது. ஒன்றை ஒரு லிட்டர் தண்ணீரில் கரைத்துக் குடித்துப் பார்த்தேன். கண்ணீர் மாதிரி இருந்தது, ஆனால் அன்றைக்கு மறைமலை நகர் போய்த் திரும்பியும் கால் இன்னும் இருபது கிலோமீட்டர் கேட்டது. எறும்பும் வரவில்லை. கண்டுபிடித்துவிட்டேன்!

ஆளுக்கு இரண்டுதான் தருவார்கள். எனக்குப் பந்தயம் வரைக்கும் பத்துப் பொட்டலமாவது வேண்டும். செல்வியைக் கேட்டேன்.

"எனக்கு பேதின்னு நோட்டுல எழுதணுமா? வேற ஆளப் பாருங்க."

எட்டியப்பன் போனான். உலையில் இருந்த இன்னும் மூன்று பேரைப் பேசிப் பேசி அனுப்பினேன். நர்சம்மா கேள்வி கேட்டால் திணறக் கூடாது என்று எல்லோருக்கும் ஒரே பதிலைப் பாடம் பண்ணிக் கொடுத்திருந்தேன். எட்டு தடவை. கேன்டீன் சாம்பார்.

இவ்வளவு யோசித்தவன் அந்த நோட்டை வேறு யாராவது படிப்பார்கள் என்று யோசிக்கவில்லை.

ஞாயிறு காலை. கம்பெனி கேட்டில் கோலப்பொடியால் கோடு போட்டிருந்தார்கள். முப்பது சைக்கிள். எட்டியப்பனும் உலைக்காரர்கள் மூன்று பேரும்கூடப் பேர் கொடுத்திருந்தார்கள். என் கேரியரில் கரைசல் நிரம்பிய இரண்டு பாட்டில். செல்வியும் பக்கத்து வீட்டு அக்காவும் வேலியோரம் நின்றிருந்தார்கள். அக்கா என்னை அப்போதுதான் முதல்முறையாகப் பார்க்கிறாள். மேனேஜர் விசிலை வாயில் வைத்தார்.

ஜீப் வந்தது.

ஹெல்த் இன்ஸ்பெக்டர் இறங்கினார். பின்னாலேயே இரண்டு பேர் பிளீச்சிங் பவுடர் மூட்டையோடு இறங்கினார்கள்.

"சார், மழைக்காலம். ஒரே கம்பெனி, ஒரே வாரம், அஞ்சு பேருக்கு பேதி. அஞ்சு பேரும் எட்டெட்டு தடவை. அஞ்சு பேரும் சொல்றது கேன்டீன் சாம்பார். கேன்டீனை சீல் வைக்கணும். அந்த அஞ்சு பேரையும் தனியா நிறுத்தணும்."

பெயர்களைப் படித்தார். முதல் பெயர் என்னுடையது. பந்தயக் கோட்டிலிருந்து ஐந்து சைக்கிள்கள் மெதுவாகப் பின்வாங்கின.

கேன்டீன் கான்ட்ராக்டர் அண்ணாச்சி அன்று பந்தயக்காரர்களுக்குச் சாப்பாடு சமைக்க வந்திருந்தார். திருநெல்வேலிக்காரர். கரண்டியோடு வெளியே வந்தார்.

"என்னவே சொல்லுதீரு? எஞ் சாம்பாராலயா?"

"நோட்டுல எழுதியிருக்கு."

அண்ணாச்சி இன்ஸ்பெக்டரிடம் சண்டை போடவில்லை. நேராக என்னிடம் வந்தார். "ஏய்யா பலராமா, புதன்கெழம மூணு கரண்டி கேட்டு வாங்குனியே. கெட்டுப்போன சாம்பார யாரும் மூணு கரண்டி கேப்பாவளா?"

உண்மை பேசும் எண்ணம் எனக்குத் துளியும் இல்லை. ஆனால் சீல் வைக்கிற அரக்கையும் மெழுகுவத்தியையும் ஜீப்பிலிருந்து எடுக்கிறார்கள். அண்ணாச்சிக்கு அந்த அடுப்பைத் தவிர வேறு பிழைப்பு கிடையாது.

"பேதி இல்ல சார்" என்றேன்.

"அப்போ பொட்டலம்?"

"குடிச்சிக்கினே சைக்கிள் ஓட்ட."

வேலியோரத்தில் பக்கத்து வீட்டு அக்கா செல்வியிடம், "இவருதான் மாப்பிள்ளையா?" என்று கேட்பது காதில் விழுந்தது.

"சாரோட கணக்கு சார் அது" என்று எட்டியப்பன் என்னைக் காட்டினான். இதுவரை அவன் என்னை சார் என்று கூப்பிட்டதே இல்லை.

இன்ஸ்பெக்டர் நம்பத் தயாராக இல்லை. "பந்தயத்துல ஓட்டணும்னு இப்போ இல்லங்கறீங்க. வியாதி இருக்கறவன ரோட்டுல விட முடியாது. நான் எப்படி எழுதறது?"

"நா சொல்லுதேன்" என்றார் அண்ணாச்சி. உள்ளே போனார். ஐந்து பெரிய லோட்டாவில் ஆவி பறக்கும் சாம்பாரோடு வந்தார். "குடிங்கவே. குடிச்சிட்டு அரமணி நேரம் இங்கனயே இருங்க. ஒண்ணும் ஆவலன்னா எஞ் சாம்பாரும் சுத்தம், இவனுவ வயிறும் சுத்தம்."

இன்ஸ்பெக்டருக்கு அந்த யோசனை பிடித்திருந்தது. கைக்கடிகாரத்தைப் பார்த்தார். என் இரண்டு பாட்டில் கரைசலையும் சாட்சியாக ஜீப்பில் வைத்தார்.

மேனேஜர் விசில் ஊதினார். இருபத்தைந்து சைக்கிள்கள் புழுதி கிளப்பிக்கொண்டு போயின. நாங்கள் ஐந்து பேர் வேப்பமரத்தடியில் வரிசையாக உட்கார்ந்து சாம்பார் குடித்தோம்.

"முருங்கக்கா போட்டுகீறாரு" என்றான் எட்டியப்பன்.

செல்வி என்னைப் பார்த்தாள். நான் லோட்டாவைப் பார்த்தேன்.

அரை மணி நேரம் கழித்து விட்டார்கள். ஓட்டினேன்! வாழ்க்கையில் அப்படி ஓட்டியதில்லை. ஒவ்வொரு குழியிலும் சாம்பார் நெஞ்சு வரை வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனது. ஒரகடம் தாண்டியதும் எதிரே முதல் ஆள் திரும்பி வந்துகொண்டிருந்தான். தகடு அழுத்தும் பிரஸ் ஷாப்பில் வேலை செய்யும் பையன். கேரியரில் பாட்டிலே இல்லை.

"இன்னாய்யா குடிச்ச?" என்று கத்தினேன்.

"ஒண்ணுமில்லண்ணே! ரெண்டு வாழப்பழம்!"

பதினோராவதாக வந்தேன். சாம்பார் குடித்தவர்களில் முதலிடம்.

கேட்டில் இன்ஸ்பெக்டர் ரிப்போர்ட்டை எழுதி முடித்திருந்தார். சீல் இல்லை. ஆனால் வெறும் கையோடு ஆபீசுக்குத் திரும்ப முடியாதே! ஒரு நிபந்தனை போட்டிருந்தார். இனிமேல் தினமும் சமைத்தவுடன், பரிமாறுமுன், தொழிலாளி ஒருவர் முதலில் சாப்பிட்டுப் பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும்.

"காலைல பத்தரைக்கு" என்றார் மேனேஜர். "தினமும் பகல்ல இருக்கற ஆளா வேணும்."

அண்ணாச்சி கரண்டியை என் பக்கம் நீட்டினார்.

அடுத்த நாளே போர்டில் என் பெயரை நைட் ஷிப்டிலிருந்து அழித்து ஜெனரல் ஷிப்டில் எழுதினார்கள். சாயங்காலம் ஐந்தரைக்கு வீட்டுக்குள் நுழைந்தேன். செல்வி கதவுக்கருகில் நின்று, சிரிப்பை அடக்கிக்கொண்டு, ராத்திரிக்கு ஆசையாக ஒன்று சமைத்து வைத்திருப்பதாகச் சொன்னாள்.

சாம்பார்.